ஃப்ளஃபி எங்கே?

1969இல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய ‘தி பிரேடி பன்ச்’ தொடரைக் குடும்ப ஒற்றுமையின் இலக்கணமாகப் போற்றுவோர் இன்றும் உண்டு. அவர்களிடம் கேட்க எனக்கு ஒரே கேள்விதான்: ஃப்ளஃபி எங்கே?

மூன்று மகன்களின் தந்தையான மைக், மூன்று மகள்களின் தாயான கரோலை மணக்கிறார். முதல் அத்தியாயத்தில் சிறுவர்களின் நாய் டைகர், சிறுமிகளின் பூனை ஃப்ளஃபியைத் துரத்தித் திருமண விருந்தையே குலைக்கிறது. அதன்பின் 1974இல் தொடர் முடியும்வரை அந்தப் பூனை திரும்பவேயில்லை. நாய்க்கோ மேலும் சில அத்தியாயங்கள் வாய்த்தன.

நகைச்சுவைத் தொடரில் பூனைக்கெல்லாம் கணக்குப் பார்ப்பதா என்பார்கள். பார்க்கத்தான் வேண்டும். மகள்கள் பிரேடி என்ற பெயரை ஏற்றார்கள். மைக் வடிவமைத்த வீட்டில் குடியேறினார்கள். அவர்களுடைய பூனை மறைந்ததற்கு மட்டும் விளக்கம் ஏதும் இல்லை. இது இணைப்பா, விழுங்கலா?

பூனையைத் தின்னத் துடிக்கும் வேற்றுக்கிரகவாசியை நாயகனாக்கிய ‘ஆல்ஃப்’ (1986–1990) கூட, டானர் குடும்பத்தின் பூனை லக்கி இறந்தபோது அந்த இறப்பைக் கதையாக்கியது. அந்த நேர்மை பிரேடி வீட்டில் இல்லை. பெண்கள் கொண்டுவந்த ஓர் உயிரை யாருமே தேடாத வீட்டை ஒற்றுமையின் இலக்கணம் என்று ஒப்புக்கொள்ள என்னால் இயலாது.