டீம் ஆர்டர்: டீம்மேட்டுக்கு வழிவிடச் சொல்வது நியாயமா? ஃபோர்ஸ் இந்தியா முதல் மெக்லாரன் வரை

2025 செப்டம்பர் 7, இத்தாலியின் மோன்ஸா. இந்திய நேரப்படி மாலை 6.30-க்குத் தொடங்கிய ஃபார்முலா 1 பந்தயத்தில் ரெட் புல் அணியின் மேக்ஸ் வெர்ஸ்டப்பன் எட்டாத தூரத்தில் போய்க்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மெக்லாரன் அணியின் லாண்டோ நாரிஸ், அதற்கும் பின்னால் அதே அணியின் ஆஸ்கர் பியாஸ்ட்ரி. டயர் மாற்ற நாரிஸ் உள்ளே வந்தபோது ஒரு சக்கரம் மக்கர் செய்தது. இரண்டு, இரண்டரை விநாடியில் முடியவேண்டிய வேலைக்குக் கிட்டத்தட்ட 6 விநாடி ஆனது. வெளியே வந்து பார்த்தால், பியாஸ்ட்ரி முன்னால் போய்க்கொண்டிருக்கிறார்.

இடத்தைத் திருப்பிக் கொடு என்று பியாஸ்ட்ரிக்கு ரேடியோவில் உத்தரவு வந்தது. முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்.

இரண்டாம் இடத்துக்கு 18 புள்ளி, மூன்றாம் இடத்துக்கு 15. வித்தியாசம் வெறும் 3. ஆனால் டிசம்பரில் சீசன் முடிந்தபோது நாரிஸ் 423, வெர்ஸ்டப்பன் 421, பியாஸ்ட்ரி 410. மோன்ஸாவில் அந்த இடமாற்றம் நடக்காமல், மற்றதெல்லாம் அப்படியே இருந்திருந்தால் நாரிஸுக்கு 420தான். ஒரு புள்ளியில் வெர்ஸ்டப்பன் சாம்பியன்!

உடனே "கோப்பையைத் தூக்கிக் கொடுத்துட்டாங்க" என்று சொல்லிவிட முடியாது. கடைசிப் பந்தயத்தில் மூன்றாம் இடம் போதும் என்று தெரிந்துதான் நாரிஸ் ஓட்டினார். கணக்கு வேறாக இருந்திருந்தால் அந்த ஓட்டமும் வேறாக இருந்திருக்கும். ஆனாலும் ஒரு ரேடியோ உத்தரவின் எடை என்ன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

டீம் ஆர்டர் ஏன் வருகிறது?

ஃபார்முலா 1-ல் ஒரே நேரத்தில் இரண்டு சாம்பியன்ஷிப் நடக்கிறது. ஒன்று ஓட்டுநர்களுக்கு, இன்னொன்று அணிகளுக்கு. அணியின் இரண்டு கார்களும் எடுக்கும் புள்ளிகளைக் கூட்டித்தான் அணிகளின் தரவரிசை. பரிசுப் பணமும் அதை வைத்துத்தான். எனவே தன் காரோடு தன் காரே மோதிக்கொள்வதை எந்த அணியும் விரும்பாது.

ஓட்டுநரின் கணக்கோ வேறு. அவரிடம் இருக்கும் அதே கார் உலகத்தில் இன்னொருவரிடம் மட்டும்தான் இருக்கிறது. நீங்கள் உண்மையிலேயே வேகமானவரா, இல்லை கார்தான் வேகமா என்று மற்றவர்கள் அளப்பது டீம்மேட்டை வைத்துத்தான். அவரிடம் தோற்றால் அடுத்த ஒப்பந்தத்தில் தெரியும்.

வைட்ஃபீல்டில் ஐ.டி. வேலையில் இருப்பவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ப்ராஜெக்ட் ஒன்று, டெட்லைன் ஒன்று, கிளையன்டும் ஒருவர்தான். ஆனால் அப்ரைசல் தனித்தனி, ப்ரமோஷன் ஒருவருக்குத்தான். "டீமுக்காக இந்த ஒரு தடவை விட்டுக்கொடுங்க" என்று மேனேஜர் சொல்லும்போது, அது யாருடைய அப்ரைசலில் குறைகிறது என்று மனசு கணக்குப் போடும் இல்லையா? அதேதான், மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில். (ஏரியாவில் இருக்கும் மெர்சிடீஸ் பென்ஸ் ஆராய்ச்சி மையத்தின் போர்டைப் பார்த்துவிட்டு எஃப்1 கார் அங்கேதான் தயாராகிறது என்று நினைப்பவர்களுக்கு: இல்லை. அந்த அணி இருப்பது இங்கிலாந்தின் பிராக்லியில்.)

பெங்களூருகாரரின் அணியில் நடந்தது என்ன?

உத்தரவே போடாவிட்டால் என்ன ஆகும்? இதற்கு நம் ஊர் உதாரணமே இருக்கிறது. பெங்களூருவின் யு.பி. குழுமத் தலைவராக இருந்த விஜய் மல்லையாவின் ஃபோர்ஸ் இந்தியா 2008 முதல் 2018 வரை இந்திய உரிமத்தோடு ஓடியது. தொழிற்சாலை இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் என்றாலும் ஸ்கோர்போர்டில் இந்தியக் கொடி.

2017-ல் அந்த அணியில் இரண்டு பேர். மெக்சிகோவின் செர்ஜியோ பெரெஸ், அனுபவசாலி. பிரான்ஸின் எஸ்டபான் ஓகான், முழு சீசன் ஆடும் முதல் வருடம், நிரூபிக்கத் துடிப்பவர்.

ஜூன் 11, கனடா. முன்னால் ரிக்கியார்டோவைப் பிடிக்க பெரெஸ் போராடிக்கொண்டிருந்தார், முடியவில்லை. பின்னால் புதிய டயரில் ஓகான். எனக்கு வழிவிட்டால் நான் முயன்று பார்க்கிறேன், முடியாவிட்டால் இடத்தைத் திருப்பித் தருகிறேன் என்பது ஓகானின் கோரிக்கை. அணி பெரெஸிடம் கேட்டது, கட்டளையாகச் சொல்லவில்லை. அவர் மறுத்துவிட்டார். இந்த இழுபறிக்குள் பின்னாலிருந்து ஃபெராரியின் வெட்டல் வந்து இருவரையும் தாண்டிப்போனார். பெரெஸ் 5, ஓகான் 6. மேடை ஏறும் வாய்ப்பு போச்சு.

இரண்டு வாரம் கழித்து பாகு. பெரிய அணிகள் எல்லாம் தடுமாறிய பந்தயம் அது. 10-வது இடத்தில் தொடங்கிய ரிக்கியார்டோ ஜெயித்தார், முதல் வருட ஓட்டுநர் லான்ஸ் ஸ்ட்ரோல் மேடை ஏறினார். ஃபோர்ஸ் இந்தியாவுக்கு அதுபோல ஒரு நாள் திரும்பக் கிடைக்காது. அன்றைக்குத்தான் ஓகான் நெருக்கியதில் பெரெஸ் சுவரில் உரசினார். பெரெஸ் பாதியில் வெளியேற, ஓகான் ஆறாவதாக வந்தார்.

ஆகஸ்ட் 27, பெல்ஜியத்தின் ஸ்பா. ஒரே பந்தயத்தில் இரண்டு முறை மோதல், அதுவும் கார்கள் உச்ச வேகம் பிடிக்கும் பகுதியில், ஒரு பக்கம் சுவர். இரண்டாவது மோதலில் ஓகானின் முன் இறக்கை உடைந்தது, பெரெஸின் டயர் கிழிந்தது. அதற்குப் பிறகுதான் நிர்வாகம் கையில் எடுத்தது. இனி ஒருவரோடு ஒருவர் மோதும் சுதந்திரம் கிடையாது, இடத்தைக் காப்பாற்று என்றால் காப்பாற்ற வேண்டும்.

அந்த சீசனை ஃபோர்ஸ் இந்தியா 187 புள்ளிகளோடு நான்காவதாக முடித்தது. பெரெஸ் 100, ஓகான் 87. மெர்சிடீஸ், ஃபெராரி, ரெட் புல்லுக்கு அடுத்த இடம், அவர்களின் பணத்தில் ஒரு பகுதிகூட இல்லாமல். (உரிமையாளர் அப்போது லண்டனில் நாடு கடத்தல் வழக்கில் இருந்தார்.) பெரிய சாதனைதான். ஆனால் இரண்டு பேரும் தங்களுக்குள் அடித்துக்கொண்டு தொலைத்த புள்ளிகள், ஒவ்வொரு பைசாவையும் எண்ணிய ஓர் அணியின் ஊழியர்களுடையதும்தான். "சும்மா விடுங்க, ரேஸ் பண்ணட்டும்" என்று சோபாவில் இருந்து சொல்வது நமக்கு சுலபம்.

தடை போட்டுப் பார்த்தார்களே?

போட்டார்கள். 2002 ஆஸ்திரியாவில், சீசனின் ஆறாவது பந்தயத்திலேயே, முதலிடத்தில் இருந்த பாரிகெல்லோவைக் கடைசி நேரத்தில் ஷூமேக்கருக்கு வழிவிட வைத்தது ஃபெராரி. அதற்கு முந்தைய ஐந்தில் நான்கை ஷூமேக்கர் ஏற்கெனவே ஜெயித்திருந்தார். தேவையே இல்லை. மைதானமே கூச்சல் போட்டது. 2003 முதல் டீம் ஆர்டருக்குத் தடை வந்தது.

உத்தரவு ஒழியவில்லை, சங்கேத மொழிக்கு மாறியது. 2010 ஜெர்மனியில் ஃபெலிப்பே மாஸாவின் காதில் விழுந்தது: "ஃபெர்னாண்டோ உன்னைவிட வேகமாக இருக்கிறார்." மாஸாவுக்குப் புரிந்தது, உலகத்துக்கும் புரிந்தது. ஃபெராரிக்கு 1 லட்சம் டாலர் அபராதம். வெற்றி அலான்சோவிடமே இருந்தது. 2011-ல் தடையையே எடுத்துவிட்டார்கள். அமல்படுத்த முடியாத விதி பொய் சொல்லத்தான் பழக்கும் என்பதால், எடுத்தது சரி என்றே தோன்றுகிறது.

ஆனால் இதே பட்டியலில் 2008 சிங்கப்பூரைச் சேர்க்கக்கூடாது. அங்கே அலான்சோ ஜெயிப்பதற்காக நெல்சன் பிகே ஜூனியர் வேண்டுமென்றே சுவரில் மோதினார். அது அணிக்குள் விட்டுக்கொடுப்பது இல்லை. களத்தில் நின்ற மார்ஷல்களின் உயிரோடும் மற்ற எல்லா அணிகளின் முடிவோடும் விளையாடிய மோசடி. அந்த வருடம் ஒரே ஒரு புள்ளியில் கோப்பையை இழந்த மாஸா இன்றைக்கும் லண்டன் நீதிமன்றத்தில் வழக்கு நடத்துகிறார்.

அப்போ எது நியாயமான உத்தரவு?

உத்தரவு போடலாமா கூடாதா என்பதைவிட, அது எப்போது முடிவானது, இடம் மாறினாலும் பொருந்துமா என்று பார்ப்பதுதான் உருப்படியான வழி. பந்தயத்துக்கு முன்பே இருவருக்கும் சொல்லி, நாளைக்கு எதிர்ப்பக்கமும் அதையே அணி செய்யும் என்றால், அது ஒப்பந்தம். பாதியில் திடீரென்று, எப்போதும் ஒருவருக்கே சாதகமாக வந்தால், அது வேறு.

மோன்ஸாவை இந்த அளவுகோலில் வைத்தால் சிக்கலாகத்தான் இருக்கிறது. வழக்கப்படி முன்னால் இருக்கும் காருக்குத்தான் முதலில் டயர் மாற்றும் உரிமை. நாரிஸ் அதை விட்டுக்கொடுத்து பியாஸ்ட்ரியை முதலில் போகச் சொன்னார், அதனால் தன் இடம் போகாது என்ற உறுதியின் பேரில். ஆக அணி ஒரு வாக்குக் கொடுத்திருந்தது. மறுபக்கம், பிட் ஸ்டாப் தாமதமானால் அது பந்தயத்தின் ஒரு பகுதிதான் என்று முன்பே பேசி வைத்திருந்தோமே, இப்போது என்ன மாறியது என்று பியாஸ்ட்ரி ரேடியோவில் கேட்டார். அவர் கேள்வியும் சரிதான். இரண்டு வாக்குகள் மோதிக்கொண்டன. 2024 ஹங்கேரியில் இதற்கு நேர் எதிராக நாரிஸ் முதலிடத்தையே பியாஸ்ட்ரிக்குத் திருப்பிக் கொடுத்திருந்தார் என்பதால், மெக்லாரனை ஒருதலைப்பட்சம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஓட்டுநரின் தவறு இல்லாத ஒவ்வொரு தாமதத்தையும் சரிக்கட்டுவது என்று கிளம்பினால் முடிவே கிடையாது. சக்கரம் மக்கர் செய்வதும் ரேஸ்தான்.

(பியாஸ்ட்ரியின் மேனேஜர் யார் தெரியுமா? மார்க் வெப்பர். 2013 மலேசியாவில் "மல்டி 21" என்ற உத்தரவை மீறி டீம்மேட் வெட்டல் தாண்டிப்போனதில் வெற்றியை இழந்தவர்.)

விலையை யார் கொடுக்கிறார் என்பதும் முக்கியம். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில், பயிற்சியில் விபத்தைச் சந்தித்த அஜித்குமார் தன் சொந்த அணியின் முக்கிய காரை ஓட்டுவதிலிருந்து தானே விலகிக்கொண்டார். அந்த கார் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. பாராட்டலாம். ஆனால் அங்கே முடிவெடுத்தவரும் விட்டுக்கொடுத்தவரும் ஒரே ஆள், அணியும் அவருடையது. எஃப்1-ல் முடிவெடுப்பவர் பிட் சுவரில் இருக்கிறார், விலை காருக்குள் இருப்பவருக்கு.

சரி, மோன்ஸாவால் பாதிக்கப்பட்டவர் என்று வெர்ஸ்டப்பனுக்காகப் பரிதாபப்படலாமா? அவசரம் வேண்டாம். 2021 அபுதாபியில் ஹாமில்டனை மறித்து அவருக்கு நேரம் சம்பாதித்துக் கொடுத்தது அதே பெரெஸ்தான், அப்போது ரெட் புல்லில். 2025 டிசம்பர் 7, மீண்டும் அபுதாபி. இந்த முறை நாரிஸை மறிக்கும் வேலை யூகி சுனோடாவுக்கு. அவர் வளைந்து வளைந்து மறித்தார், நாரிஸ் டிராக்கை விட்டு வெளியே போய்த் தாண்டினார். ஸ்டீவர்டுகள் நாரிஸை விட்டுவிட்டு, சுனோடாவுக்கு 5 விநாடி அபராதம் போட்டார்கள்.

2026-ல் உனக்கு இந்த இருக்கை இல்லை, ஐசக் ஹஜாருக்குத்தான் என்று ரெட் புல் அறிவித்தது அதற்குச் சில நாட்கள் முன்புதான். சுனோடா அது தெரிந்துதான் மறித்தார்.