தகுதி என்னும் திரை

ஆலோசனைக் கம்பனிகள் "தகுதிக்கே இடம்" என்று முழங்குகின்றன. படித்த பாடசாலை எது, பிறந்த ஊர் எது என வினவும் நேர்முகத் தேர்வு எந்தத் தகுதியை அளக்கிறதென்று கேட்கிறோம்.

இனம், மதம், மொழி, சாதி, பால், பிறப்பிடம் காரணமாகப் பாகுபாடு கூடாதென்கிறது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை. ஆனால், அவ்வுரிமையைக் காக்க 126ஆம் உறுப்புரை திறக்கும் நீதிமன்ற வாயில், ஆட்சித்துறை அல்லது நிருவாகத்துறையின் செயலுக்கு எதிராக மட்டுமே. தனியார் கம்பனி ஒதுக்கினால் அது திறவாது. வேலைநீக்கப்பட்ட தொழிலாளிக்குத் தொழில் நியாயசபை உண்டு. வாசலிலேயே விலக்கப்பட்டவருக்கு எது உண்டு?

பாகுபாட்டை ஒழிக்கும் 111ஆம் சர்வதேசத் தொழிற் சமவாயத்தை 1998இல் இலங்கை ஏற்றது. ஏற்ற கடமை காகிதத்தோடு முடிவதா?

தெரிவு அளவுகோலை எழுத்தில் வெளியிடவும், நிராகரிப்புக்குக் காரணம் கூறவும், ஒதுக்கப்பட்டோர் முறையிடவும் சட்டம் வேண்டும். தகுதியையே தேர்வோர் அதற்கு அஞ்சுவானேன்?