பானைக்குள் ஒரு பருவகாலம்

கிளி வளர்ப்போரும் மீன் வளர்ப்போரும் நம்மிடையே உளர். மேனாடுகளிற் பாம்பு வளர்ப்போரும் பலர் உண்டென்று சொன்னால், கிராண்ட்பாசில் நம் அயலவர் நகைப்பர். ஆயினும், களனி கங்கை பெருகுந்தோறும் மேட்டு நிலந்தேடி வரும் பாம்புகளைக் கண்டு பழகிய மாணாக்கர் ஒருவர், "கண்ணாடிப் பெட்டியிற் பாம்பை வைத்தால் எவ்வளவு சூடு வேண்டும், எவ்வளவு ஈரம் வேண்டும்?" என்று நம்மை வினவினார். நல்ல வினா. விடை கூறுமுன் ஒரு சொல்: மலைப்பாம்பு இலங்கையிற் சட்டத்தாற் பாதுகாக்கப்பட்ட உயிர். அறிவதற்கே இவ்விடை, பிடிப்பதற்கன்று.

பாம்பு நம்மைப்போல் உடற்சூட்டைத் தானே உண்டாக்கி நிலைநிறுத்த வல்லதன்று. வெயிலிற் கிடந்து சூடேற்றும். நிழலில் ஒதுங்கித் தணித்துக்கொள்ளும். ஆதலாற் பெட்டிக்குள் ஒரே சூடு போதாது. வெப்பநாட்டு மலைப்பாம்பு வகைகளுக்கு ஒருபுறம் ஏறத்தாழ 32 பாகை செல்சியசும் மறுபுறம் 26 பாகையும் வைப்பது வழக்கம். வேண்டிய இடத்தைப் பாம்பே தேடிக்கொள்ளும். சூடு குறைந்தால் விழுங்கிய இரை செரிக்காது, சிலவேளை கக்கிவிடும். சூடு மிகுந்து, ஒதுங்கவும் இடமில்லையாயின் இறந்தே போகும். (அடைகாக்கும் மலைப்பாம்பு இதற்கு விலக்கு. தசைகளை விட்டுவிட்டு அதிரச் செய்து முட்டைகளுக்குச் சூடூட்டும் இத்தாயைப் பற்றி லமார்-பிக்கோ என்ற பிரெஞ்சுப் பயணி கூறியபோது அறிஞர் நம்பவில்லை. 1841இல் பாரிசில் வலன்சியன் வெப்பமானி கொண்டு அளந்த பின்னரே ஒப்பினர்.)

ஈரத்தின் கணக்கு சற்றுச் சிக்கலானது. கொழும்பில் 26 பாகையிற் காற்றின் சாரீரப்பதன் 80 வீதம் என்று கொள்வோம். அவ்வெப்பநிலையில் ஒரு கனமீற்றர் காற்று ஏறக்குறைய 24 கிராம் நீராவியைத் தாங்கும். எனவே அதில் இருப்பது 19 கிராம் அளவு. இதே காற்றைப் பெட்டிக்குள் மின்குமிழால் 32 பாகைக்குச் சூடாக்கினால், அது தாங்கவல்லது 34 கிராமாகிவிடும். ஒரு துளி நீரும் வெளியேறவில்லை. ஆயினும் ஈரப்பதன் 60 வீதத்துக்குங் கீழே இறங்கிவிட்டது! சூட்டைக் கூட்டுகிறவன் அறியாமலே காற்றை உலர்த்துகிறான். இலண்டன் மாரிகாலத்தில், வெளியிலுள்ள குளிர்காற்றை அறைக்குள் இழுத்துச் சூடாக்கும்போது வறட்சி இன்னும் கடுமையாகும். அங்கே எழுதப்பட்ட நூல்கள் நீர் தெளிக்குமாறு ஓயாமல் வற்புறுத்துவது இதனாலேயே. நம் ஊரில் அதை அப்படியே பின்பற்றிக் காற்றோட்டத்தையும் அடைத்துவிட்டால், தோலிற் கொப்புளமும் சுவாச நோயுமே மிஞ்சும். மறுபுறம், வறட்சி மிகுந்தாற் சட்டை முழுதாகக் கழலாது. துண்டு துண்டாக உரியும், கண்ணை மூடிய மெல்லிய படலமும் ஒட்டிக்கொண்டே நின்றுவிடும்.

இவ்விரண்டையும் மின்சாரமின்றிச் சமாளிக்கும் கலை நம் தமிழரிடத்தே உண்டு. மகாபலிபுரம் செல்லும் வழியில் வடநெம்மேலியில், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் நடைபெற்று வருகிறது. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின்னர் பாம்புத்தோல் வணிகம் நின்றுபோக, பிழைப்பிழந்த இருளர் உரோமுலசு விட்டேக்கரின் துணையோடு தொடங்கியது அது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உயிரோடு பிடித்து, மண் இட்ட பானைக்குள் விட்டு, வாயைத் துணியாற் கட்டி வைக்கின்றனர். சில வாரங்கள் நஞ்செடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டிலே விட்டுவிடுகின்றனர்.

பானை ஏன்? சுட்ட மண்ணின் நுண்டுளைகள் வழியே ஈரம் கசிந்து ஆவியாகும்போது சூட்டையும் உடன் கொண்டுபோகும். நம் வீட்டுக் குடிநீர்ப் பானை குளிர்வதும் இப்படித்தான். துணிவழியே காற்றும் போய்வரும். உள்ளே இருளாதலாற் பாம்பு அமைதியாகக் கிடக்கும். குறையும் உண்டு: வெயிற்புறமும் நிழற்புறமும் பானைக்குள் இல்லை. ஆண்டுக்கணக்கில் வாழ்வதற்கு அது ஏற்றதன்று. சில வாரத் தங்குமிடம், அவ்வளவே.

இது நமக்குப் புறத்தியார் செய்தியன்று. இலங்கை வைத்தியசாலைகளிற் பாம்புக்கடிக்கு ஏற்றப்படும் விஷமுறி மருந்து நெடுங்காலமாக இந்தியாவிலிருந்தே வந்துள்ளது. அங்கே அம்மருந்து செய்ய வேண்டிய நஞ்சிற் பெரும்பங்கு இருளரின் பானைகளிலிருந்து எடுக்கப்படுவது. ஆனால், சிங்களத்தில் குனகட்டுவா எனப்படும் சிறு விரியன் அந்த நால்வகையுட் சேராதது. அதன் நஞ்சை இம்மருந்து முறிப்பதில்லை. நம் நாட்டுத் தோட்டங்களில் மிகுதியாகக் கடிப்பவற்றுள் அதுவும் ஒன்று.