சம்பளத்தோடு ஒரு பட்டம்: மருமகன் சொல்லித் தந்த பாடம்

எமது வியாபாரிகள் ஒன்றுகூடும் இடங்களில் தவறாமல் கேட்கும் முறைப்பாடு ஒன்றுண்டு. "நல்ல பொடியன்மார் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் பழக்கி எடுத்ததும் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள்" என்பதே அது. முப்பது வருடங்களாகப் புறக்கோட்டையில் புடவை வியாபாரம் செய்பவன் என்ற வகையில் நானும் இதையே சொல்லி வந்தவன்தான். ஆனால், இங்கிலாந்தில் வாழும் எனது தங்கையின் மகன் அங்குள்ள ஒரு பெரிய வங்கியில் நான்கு வருடங்கள் பெற்ற அனுபவத்தைக் கேட்ட பின்னர் எனது எண்ணம் மாறிவிட்டது.

மருமகன் 2021 இல் உயர்தரப் படிப்பை முடித்தான். கணினித் துறையில் படிக்க ஆசை. அப்போது அங்கு பல்கலைக்கழகக் கட்டணம் வருடத்துக்கு 9,250 பவுண் வரை இருந்தது. அரசாங்கம் கடன் கொடுக்கும். ஆனால் அதற்கு வட்டி உண்டு. தங்கையும் மச்சானும் வட்டிக் கடனைத் தொடுவதில்லை என்பதில் உறுதியாக இருந்தார்கள். வட்டியில்லாத மாற்று வழியொன்றைத் தருவதாக 2013 இல் அன்றைய பிரதமர் டேவிட் கெமரூன் கூறினார். 2017 இல் அதற்கெனச் சட்டத்திலும் இடம் வைத்தார்கள். எனினும் மருமகன் விண்ணப்பிக்கும் காலத்திலும் அது நடைமுறைக்கு வந்திருக்கவில்லை.

இந்த நிலையில்தான் பட்டப் பயிலுநர் திட்டம் பற்றி அவன் அறிந்து கொண்டான். இங்கிலாந்தில் 2015 முதல் நடைமுறையில் உள்ள ஏற்பாடு இது. நிறுவனம் ஒன்று மாணவனை முறையான ஊழியனாகவே சேர்த்துக் கொள்கிறது. முதல் மாதத்திலிருந்தே சம்பளம் உண்டு. பல்கலைக்கழகக் கட்டணத்தில் ஒரு சதமேனும் மாணவன் கட்ட வேண்டியதில்லை. அவன் சேர்ந்த காலத்தில் வேலை நேரத்தில் ஆகக்குறைந்தது 20 வீதம் படிப்புக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்பது விதி. அதன்படி வாரத்தில் நான்கு நாள் வங்கி, ஒரு நாள் பல்கலைக்கழகப் பாடம். நான்கு வருட முடிவில் மற்ற மாணவர்கள் பெறும் அதே இளமாணிப் பட்டம்.

"இவ்வளவு பணத்தை வங்கி ஏன் செலவழிக்கிறது?" என்று நான் வியாபாரி மூளையோடு கேட்டேன். அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. வருடத்துக்கு 30 இலட்சம் பவுணுக்கு மேல் சம்பளம் கொடுக்கும் நிறுவனங்கள், அந்தத் தொகைக்கு மேலுள்ள சம்பளப் பணத்தில் 0.5 வீதத்தைப் பயிற்சி வரியாகக் கட்ட வேண்டும் என்று 2017 ஏப்ரலில் சட்டம் வந்தது. கட்டிய பணத்தைப் பயிலுநர்களின் படிப்புச் செலவுக்காக நிறுவனம் மீளப் பயன்படுத்தலாம். குறித்த காலத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது கைவிட்டுப் போய்விடும். சிறிய முதலாளிமாரையும் அரசு மறக்கவில்லை. அவர்கள் பயிற்சிச் செலவில் கொடுக்க வேண்டிய பங்கு 2019 ஏப்ரலில் 10 வீதத்திலிருந்து 5 வீதமாகக் குறைக்கப்பட்டது.

இனி அனுபவத்துக்கு வருவோம். முதல் சில மாதங்கள் கொரோனா காரணமாகப் பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை. பின்னர் அலுவலகம் சென்றபோது, ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஒரு பொறியியலாளரின் பக்கத்தில் அவனுக்கு இடம் கொடுத்தார்கள். 1959 இல் உருவான கோபோல் என்ற கணினி மொழியில் எழுதப்பட்ட பழைய நிரல்கள் இன்றும் பல வங்கிகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் உள்விடயம் அறிந்தவர்கள் அவரைப் போன்றவர்கள்தான். எமது கடைகளில் பழைய கணக்கப்பிள்ளைக்கு மட்டும் தெரிந்த சங்கதிகள் இருப்பதில்லையா, அதைப் போல. அவர் போகுமுன் அந்த அறிவு ஓர் இளைஞனின் கைக்கு வந்து சேர வேண்டும் என்று வங்கி திட்டமிட்டிருந்தது.

இரண்டாவது வருடத்தில் அவன் ஒரு பிழை செய்தான். வெள்ளிக்கிழமை பின்னேரம் அவசரமாக ஒரு மாற்றத்தைச் சேர்த்ததில் குழுவின் பரீட்சார்த்த முறைமை நின்றுபோய், பலருடைய அரை நாள் வேலை வீணானது. "மாமா, வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன்" என்றான். ஆனால் குழுத் தலைவர் அவனைப் பக்கத்தில் இருத்தி, என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனி எப்படித் தடுப்பது என்று ஒரு பக்கத்தில் எழுத வைத்தார். அந்தத் தாளில் அவனுடைய பெயரே இல்லை. கையாள் ஒருவன் துணியைப் பிழையாக வெட்டினால் வாடிக்கையாளர் முன்னிலையிலேயே சத்தம் போடும் எனக்கு, இதைக் கேட்டபோது வெட்கமாக இருந்தது.

எல்லாம் இலகுவாக நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்துக்குச் சென்ற நண்பர்களுக்கு மாதக் கணக்கில் விடுமுறை. இவனுக்கு ஊழியருக்குரிய லீவு மட்டுமே. ஒப்படைகளை இரவிலும் வார இறுதியிலும்தான் எழுதினான். வேலை நெருக்கும் வாரங்களில் படிப்பு நாளையும் வேலைக்கு எடுக்கப் பார்த்தார்களாம். விதியைக் காட்டி, மரியாதையாக, ஆனால் விடாமல் கேட்டுத்தான் அந்த நாளைக் காப்பாற்றிக் கொண்டான்.

"வட்டிக் கடனுக்குப் பயந்து வட்டி நிறுவனத்துக்குள்ளேயே போனானா?" என்று வாசகர்கள் கேட்பது நியாயம். தங்கையின் வீட்டிலும் இதே கேள்வி பல இரவுகள் பேசப்பட்டது. அவன் அங்குள்ள ஓர் ஆலிமிடம் விளக்கம் கேட்டு, மோசடிக் கொடுக்கல் வாங்கல்களைக் கண்டுபிடிக்கும் பிரிவைக் கேட்டுப் பெற்றான். 2025 இல் பட்டம் கிடைத்த பின்னர் சரக்கு விநியோகம் செய்யும் ஒரு கம்பனிக்கு மாறிவிட்டான். இதில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. இதே திட்டம் பொறியியல், தொலைத்தொடர்பு நிறுவனங்களிலும் அரச திணைக்களங்களிலும் உண்டு என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன். இங்கிருந்து மாணவர் விசாவில் செல்லும் பிள்ளைகளுக்கு இந்தக் கதவு திறக்காது என்பதையும் பெற்றோர் அறிந்து கொள்ளட்டும்.

"பார்த்தீர்களா, படிக்க வைத்தார்கள், ஓடிவிட்டான்" என்று நீங்கள் சொல்லக்கூடும். நானும் அதையே கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டு, "மாமா, நான்கு வருடம் அவர்களுக்கு உழைத்துக் கொடுத்தேனே. என்னோடு சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்" என்றான். அந்தப் பதில் எனது பழைய காயம் ஒன்றைத் தொட்டது.

பல வருடங்களுக்கு முன் எனது கடையில் ஒரு கெட்டிக்காரப் பொடியன் இருந்தான். கணக்கியல் வகுப்புக்குப் போக சனிக்கிழமை அரை நாள் கேட்டான். "சனிக்கிழமைதானே வியாபாரம்" என்று மறுத்துவிட்டேன். இரண்டு மாதத்தில் அதே தெருவிலுள்ள இன்னொரு கடைக்குப் போனான். அந்த முதலாளி அரை நாளைக் கொடுத்தார். இன்று அந்தக் கடையின் முழுக் கணக்கும் கொள்வனவும் அவனுடைய கையில்தான் இருக்கிறது. நான் படிக்க வைத்ததால் அவன் ஓடவில்லை. படிக்க விடாததால்தான் ஓடினான்.

வங்கியிடமுள்ள பணம் எம்மிடம் இல்லை. ஆனால் அந்த ஏற்பாட்டின் உயிர்நாடி பணத்தில் மட்டும் தங்கியிருக்கவில்லை. வாரத்தில் அரை நாளைப் படிப்புக்கென ஒதுக்கி, எவ்வளவு வியாபாரம் இருந்தாலும் அதைத் தொடாமல் விடலாம். வகுப்புக் கட்டணத்தில் பாதியையாவது கடை ஏற்று, எத்தனை வருடம் வேலை செய்வது என்பதை இரு தரப்பும் எழுதி வைத்துக் கொள்ளலாம். பொடியனைப் பழைய கணக்கப்பிள்ளையின் பக்கத்தில் இருத்தலாம். இலங்கையிலும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை என்ற அரச நிறுவனம் உண்டு. தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெறுவது பற்றி அங்கு விசாரிக்கலாம்.

எமது மூத்தவர்கள் பலர் கடையில் நின்றே தொழில் பழகினார்கள். அவர்களுக்குக் கிடைக்காதது ஒரு சான்றிதழ் மட்டுமே. அதை எமது பொடியன்மாருக்குக் கொடுக்க முன்வருவோமாக. வரும் வாரத்திலிருந்து எனது கடையில் இரண்டு பேருக்கு சனிக்கிழமை பின்னேரம் விடுமுறை. தாமதமாகத்தான் செய்கிறேன் என்பது எனக்குத் தெரியும். நீங்களும் என்னைப் போல் தாமதிக்க வேண்டாம்.