தூரத்துச் சாவி யார் கையில்?

வீட்டுக்கு இன்டர்நெட் தரும் சின்னப் பெட்டிக்கு 'ரூட்டர்' என்று பெயர். பச்சை விளக்கு எரிந்தால் சந்தோஷப்படுகிறோம். அணைந்தால் கம்பெனிக்குப் போன் செய்கிறோம். வேறு எதுவும் நாம் யோசிப்பதில்லை.

அந்தப் பெட்டிக்குப் பெரும்பாலும் இரண்டு சாவிகள் உண்டு. ஒன்று நம்மிடம் உள்ள பாஸ்வேர்டு. மற்றொன்று கம்பெனியிடம் இருக்கிறது!

கம்பெனிக்காரர்கள் நம் வீட்டுப் படி ஏறாமலே பெட்டியைத் திறக்கலாம். கோளாறைச் சரி செய்யலாம். புதிய மென்பொருளை ஏற்றலாம். இதற்கான பொது முறை ஒன்று 2004-ம் ஆண்டில் வகுக்கப்பட்டது. அதன் பெயர் டி.ஆர்.069.

இது தவறா? இல்லவே இல்லை. லட்சக்கணக்கான வீடுகளுக்கு ஆள் அனுப்பிக் கொண்டிருக்க முடியுமா? தூரத்துச் சாவி அவசியம்தான். ஆனால், அந்தக் கதவுக்குக் காவல் வேண்டாமா?

ஜெர்மனியில் நடந்தது

இந்த முறையில் பெட்டி அவ்வப்போது கம்பெனியைக் கூப்பிட்டு, "ஏதாவது வேலை உண்டா?" என்று கேட்கும். அவசரம் என்றால் கம்பெனியே கதவைத் தட்டும். அந்தக் கதவின் எண் வழக்கமாக 7547. கம்பெனி தட்டினால் மட்டுமே அது திறக்க வேண்டும்.

2016-ம் ஆண்டு நவம்பர் மாதம். ஜெர்மனியில் டாய்ச்சே டெலிகாம் கம்பெனியின் வாடிக்கையாளர்களிடம் இருந்த பெட்டிகளின் கதவை வேறு ஒருவன் தட்டினான். பெட்டிகளைத் தன் கைக்குள் கொண்டுவருவது அவன் திட்டம். அது பலிக்கவில்லை. ஆனால், தட்டிய வேகத்தில் பெட்டிகள் செயல் இழந்தன. சுமார் 9 லட்சம் வாடிக்கையாளர்கள் தவித்தார்கள். இன்டர்நெட் இல்லை, பலருக்குப் போனும் டெலிவிஷனும் இல்லை!

நோய் வந்த வழியும் தூரம். மருந்து வந்த வழியும் தூரம். கம்பெனி புதிய மென்பொருளை அனுப்பியது. "பெட்டியை அணைத்து, சற்றுப் பொறுத்து மீண்டும் போடுங்கள்" என்றது. பெட்டிகள் பிழைத்தன.

குற்றவாளி 2017 பிப்ரவரியில் லண்டன் விமான நிலையம் ஒன்றில் பிடிபட்டான். ஜெர்மன் கோர்ட்டு அவனுக்கு 1 வருடம் 8 மாதம் தண்டனை விதித்து, அதை நிறுத்தி வைத்தது.

யார் பொறுப்பு?

குற்றவாளியைத் தண்டித்தால் மட்டும் போதாது. சாவியை வைத்திருப்பவருக்கும் பொறுப்பு உண்டு. வீட்டுக்காரர் கண்ணுக்குத் தெரியாத கதவை வீட்டுக்காரரே காக்க முடியுமா?

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. இன்டர்நெட்டில் இணையும் வீட்டுச் சாதனங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு போட்டு விற்கக் கூடாது. எவ்வளவு காலம் பாதுகாப்பு மென்பொருள் தருவோம் என்பதைச் சொல்லியாக வேண்டும். நல்ல சட்டம்!

மருந்து பாட்டிலில் காலாவதித் தேதி பார்க்கிறோம் அல்லவா? ரூட்டர் பெட்டியின் மேலும் அப்படி ஒரு தேதி இருக்க வேண்டும். மென்பொருள் வருவது நின்றுபோன பெட்டிக்கு, விளக்கு எரிந்தாலும் காவல் இல்லை.

அடுத்த முறை ரூட்டர் வாங்கும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். "எந்த வருடம் வரை மென்பொருள் அனுப்புவீர்கள்?" என்றும் கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுக்கலாமா?