அறுபத்துமூவர் எத்தனை மணிக்கு?



பங்குனி நெருங்கிவிட்டால் நம் அலுவலகத் தொலைபேசி ஓயாது. "அறுபத்துமூவர் எத்தனை மணிக்குப் புறப்பாடு? எந்த வீதியில் நின்றால் நன்றாகப் பார்க்கலாம்?" என்று கேட்பார்கள். போன வருடம் அப்படிப் பேசிய ஒரு வாசகி, சித்திரக்குளத்துப் பக்கம் பிறந்து வளர்ந்து இப்போது சிங்கப்பூரில் இருப்பவர், கூடவே ஒன்று சொன்னார்: "சார், கூகுள்ல தேடினேன். எங்கேயோ இருக்கிற சுற்றுலாத் தளமெல்லாம் வருது. பழைய வருஷத் தேதி வருது. மயிலாப்பூர்லயே இருக்கிற நம்ம பத்திரிகை வரவே இல்லையே?"

மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. நம் ஊர்க் கோயிலின் பத்து நாள் பிரம்மோற்சவத்துக்கும் நேரம், வாகனம், வீதி எல்லாம் நம் தளத்தில் இருந்தன. எட்டாம் நாள் நாயன்மார்கள் வீதி உலா வரும் அறுபத்துமூவரும் அதில் உண்டு. ஆனால் கோயில் அழைப்பிதழை அப்படியே படம் எடுத்துப் போட்டு, மேலே 'பங்குனிப் பெருவிழா' என்று தலைப்பு மட்டும் வைத்திருந்தோம். அறுபத்துமூவர் என்ற சொல் அந்தப் பக்கத்தில் எழுத்தாக இல்லை. மயிலாப்பூர் என்பதும் இல்லை. மாட வீதிக்காரர்களுக்கு எந்த ஊர்ப் பெருவிழா என்று சொல்ல வேண்டியதில்லை. தேடுபொறிக்குச் சொல்லியாக வேண்டும். முக்கியமான விஷயத்தைப் படத்துக்குள் வைக்காமல் எழுத்தாகப் போடுங்கள் என்பது கூகுளே தளக்காரர்களுக்குச் சொல்லும் யோசனை.

அன்று தொடங்கி ஒரு வருடமாக, நம் தளத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் வாசகர் எப்படித் தேடுவார் என்று கேட்டுத் திருத்தி வருகிறோம். அச்சில் அறுபத்துமூவர் என்கிறோம், வீட்டில் அறுபத்திமூவர் என்கிறோம். ஊர்ப் பெயரே மயிலாப்பூர், மைலாப்பூர், மயிலை என்று மூன்று விதம். பறக்கும் ரயில் நிலையத்தில் திருமயிலை. இதையெல்லாம் ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்களும் ஏராளம். நவராத்திரிக்கு முன்னால் வடக்கு மாட வீதி நடைபாதை முழுக்கப் பொம்மைகள் வந்து இறங்கும். அதைப் பற்றி எழுதும்போது 'பாரம்பரியக் கலைப்பொருட்கள்' என்று தலைப்பு வைத்தால் யார் கண்ணிலும் படாது. ஜனங்கள் தேடுவது கொலு பொம்மை, மரப்பாச்சி. கச்சேரி ரோட்டு நாட்டு மருந்துக் கடையை ஊர் முழுக்க டப்பா செட்டி கடை என்றுதானே சொல்கிறது? சரக்கைத் தகர டப்பாக்களில் வைத்து விற்றதால் வந்த பெயர் அது. ஊர் வைத்த பெயர் பக்கத்தில் இருக்க வேண்டும். அதையே இருபது தடவை திணிக்கவும் கூடாது. படிக்கிறவருக்கு உறுத்தும், தேடுபொறிக்கும் பிடிக்காது.

தமிழ்ப் பத்திரிகைகளுக்கு இன்னொரு பழைய சுமை உண்டு. 1990களின் கடைசியில் இணையத்துக்கு வந்த இதழ்கள் பலவும் தங்களுக்கென்று தனி எழுத்துரு வைத்திருந்தன. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், கணினிக்குள் இருந்தவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் ஒரு பொதுக் குறியீட்டுக்கு முயன்றார்கள். 1991 முதலே தமிழுக்கு இடம் வைத்திருந்த உலகப் பொதுக் குறியீடான யூனிகோடைத் தமிழக அரசு 2010இல் ஏற்றது. அதற்குள் எழுதிக் குவித்த எவ்வளவோ நல்ல கட்டுரைகள், தேடினால் அகப்படாத இடத்தில் கிடக்கின்றன. நம்முடைய பழைய இதழ்களும் அதில் சேர்த்தி.

சொல் சரியாக இருந்தால் மட்டும் மேலே வந்துவிட முடியுமா? லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் 1998இல் கூகுளைத் தொடங்கியபோது, ஆராய்ச்சிக் கட்டுரைகளின் வழக்கத்திலிருந்து ஒரு யோசனையை எடுத்துக்கொண்டார்கள். பல பேர் மேற்கோள் காட்டும் கட்டுரைக்கு மதிப்பு அதிகம். மதிப்புள்ளவர் காட்டும் மேற்கோளுக்கு எடை இன்னும் அதிகம். இணையத்தில் மேற்கோளின் இடத்தில் இருப்பது ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்குக் கொடுக்கும் இணைப்பு. இன்று கூகுள் வேறு எத்தனையோ பார்க்கிறது என்றாலும் இந்த அடிப்படை போகவில்லை.

இந்த யோசனையைப் படித்தபோது எனக்கு நன்னூல்தான் நினைவுக்கு வந்தது. நூலுக்குச் சிறப்புப் பாயிரம் வேண்டும், அதை நூலாசிரியன் தானே பாடிக்கொள்ளக் கூடாது என்கிறார் பவணந்தியார். பாடத் தகுந்தவர் யார் என்றும் வரையறுக்கிறார்: அவனுடைய ஆசிரியர், உடன் கற்றவர், மாணவர், தகுதியுள்ள உரைகாரர். தெருவில் போகிறவர் புகழ்ந்தால் கணக்கில்லை. மேற்கோளின் அருமைக்கும் நம்மிடமே சான்று உண்டு. குண்டலகேசியும் வளையாபதியும் நமக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. உரைகளிலும் புறத்திரட்டிலும் யாரோ எடுத்துவைத்த பாடல்களால்தான் அவற்றைக் கொஞ்சமாவது படிக்கிறோம். எடுத்துக்காட்டியவர்கள் இல்லையென்றால் அந்தச் சில பாடல்களும் நமக்கு இல்லை.

நம் பேட்டையில் சபா உண்டு, பதிப்பகம் உண்டு, பாட்டு வாத்தியார், நாடகக் குழு, கோயில் வரலாறு எழுதுகிறவர்கள் உண்டு. லஸ்ஸில் எதிர்ப்பட்டால் நின்று அரை மணி பேசுகிறோம். ஆனால் ஒருவர் தளத்திலிருந்து இன்னொருவர் தளத்துக்கு ஒரு இணைப்பு கிடையாது. ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் போலத்தான் தேடுபொறிக்கு நாம் தெரிகிறோம்.

இதற்குக் குறுக்குவழி தேடி, 'ஒரே மாதத்தில் முதல் இடம்' என்று போன் செய்கிறவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள். முதல் இடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுள் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. சரக்கில்லாத பக்கங்களை 2011இல் கூகுள் செய்த பாண்டா என்ற மாற்றமும், விலைக்கு வாங்கிய இணைப்புகளை 2012இல் பெங்குவினும் கீழே தள்ளின. கடை வைத்திருப்பவர்கள் கூகுள் வரைபடத்தில் முகவரி, திறக்கும் நேரம், விடுமுறை நாள் மூன்றையும் சரியாகப் பதிந்தாலே பாதி வேலை முடிந்தது. அதற்குக் கட்டணம் கிடையாது.

இந்த வருடப் பங்குனிப் பட்டியலை ஒரு வரி விடாமல் தட்டச்சு செய்து போட்டிருக்கிறோம். சிங்கப்பூர் வாசகி தேடிப் பார்த்துவிட்டு, முதல் பக்கத்திலேயே வருகிறது என்று எழுதியிருக்கிறார்.

இரண்டு உதவி கேட்கிறேன். பழைய இதழ்களை யூனிகோடுக்கு மாற்றினால் பிழை திருத்த ஆள் வேண்டும். தமிழ் படிக்கத் தெரிந்த யாரும் வாரத்தில் ஒரு மணி நேரம் தந்தால் போதும். அடுத்தது, மயிலாப்பூரைப் பற்றித் தளம் நடத்துகிற வாசகர்கள் முகவரியை அனுப்புங்கள். படித்துப் பார்த்து, பொருத்தமான கட்டுரையிலிருந்து இணைப்புக் கொடுக்கிறோம். பதிலுக்கு நீங்கள் எதுவும் தர வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்