முகிலைப் பிடிக்கும் காடு

மழை பெய்தால் காடு தழைக்கும் என்பது சிறு பிள்ளையும் அறிந்த செய்தி. மழையற்ற மாதங்களிலும் ஒரு காடு தனக்கு வேண்டிய நீரைத் தானே தேடிக்கொள்ளும், மிஞ்சியதை ஊருக்கும் கொடுக்கும் என்றால் நம்புவோர் சிலரே. அத்தகைய காடொன்றைப் பற்றி இவ்வாரம் நம் வாசகர்களுக்குக் கூற விரும்புகிறோம்.

ஆபிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால், அத்திலாந்திக் சமுத்திரத்திலே, ஸ்பெயின் தேசத்துக்குரிய கனேரித் தீவுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று லா கொமேரா. கடலடியிலிருந்து பொங்கிய எரிமலைக் குழம்பு உறைந்து உருவான தீவு அது. ஏறக்குறைய 20 இலட்சம் ஆண்டுகளாக அங்கே எரிமலை கனன்றதில்லை. மழையும் காற்றும் அரித்த பள்ளத்தாக்குகளுக்கு மேலே, தீவின் நடுமுடியில், 3,984 ஹெக்டயர் பரப்பில் கராஹொனாய் என்னும் பசுமைமாறாக் காடு நிற்கிறது. அது 1981இல் தேசிய வனமாக்கப்பட்டது. 1986இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது.

கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னர் இவ்வகைக் காடுகள் தென் ஐரோப்பாவிற் பரந்திருந்தன. பின்னர் குளிரும் வறட்சியும் அவற்றை அங்கே அழித்துவிட்டன. கடல் சூழ்ந்த இத்தீவுகளிலோ அவற்றின் வழித்தோன்றல்கள் பிழைத்துக்கொண்டன. இங்குள்ள தலையாய மரங்கள் லோறல் குடும்பத்தைச் சேர்ந்தவை. நமது கறுவாவும் ஆனைக்கொய்யாவும் அக்குடும்பத்தனவே.

இனி, காடு நீர் தேடும் விதத்தைப் பார்ப்போம். வடகிழக்கிலிருந்து வீசும் வாணிபக் காற்று கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து மலையில் மோதி மேலெழுகிறது. எழுந்த காற்று குளிர, ஈரம் மூடுபனியாகிறது. கோடையில் அங்கு மழை மிக அரிது. ஆயினும் அக்காலத்திற்றான் இக்காற்று இடைவிடாது வீசும். மூடுபனி மரங்களினூடே தவழ்ந்து செல்லும்போது இலைகளிலும் பாசிகளிலும் நுண்துளிகள் படிகின்றன. அவை திரண்டு சொட்டுச் சொட்டாக நிலத்தில் விழுகின்றன. உதிர்ந்த இலைகள் மக்கிய மண் அதனை உறிஞ்சிக்கொள்ள, நீர் எரிமலைப் பாறையின் வெடிப்புகள் வழியே இறங்கி, கீழ்ச்சரிவுகளில் ஊற்றாக வெளிப்படுகிறது. எல் செட்ரோ என்னும் ஓடை இவ்வாறே ஆண்டு முழுவதும் ஓடி, எர்மிகுவாப் பள்ளத்தாக்கை நோக்கி இறங்குகிறது.

இக்காட்டின் விதைகளை விதைப்போர் புறாக்கள். கனேரித் தீவுகளன்றி வேறெங்கும் காணப்படாத இரண்டு புறா இனங்கள், லோறல் மரக்கனிகளை உண்டு விதைகளைத் தொலைவிற் பரப்புகின்றன. அவற்றுள் ஓரினம் நிலத்திலும் பாறை இடுக்கிலும் கூடு கட்டி, பெரும்பாலும் ஒரேயொரு முட்டையிடும். கப்பலேறி வந்த எலிகள் அம்முட்டையைத் தின்றுவிடுகின்றன. எலிக்குப் பலியாகும் ஒவ்வொரு முட்டையும் காட்டுக்கு ஒரு விதைப்பாளனின் இழப்பாகும்.

எலியினும் கொடியது தீ. 1984 செப்டெம்பரில் இத்தீவிற் பரவிய காட்டுத்தீயில் 20 பேர் உயிரிழந்தனர். தீயணைக்கும் பணியைக் காண வந்திருந்த மாகாண ஆளுநரும் அவர்களுள் ஒருவர். மீண்டும் 2012 ஓகஸ்ட்டில், மழை பொய்த்த ஆண்டொன்றில் எழுந்த தீ, தேசிய வனத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத் தீண்டியது. வெளியே சுவாலை அடங்கிய பின்னரும் மண்ணுக்குள் வேர்களினூடே அது நெடுநாட் கனன்றது.

எரிந்த மரங்கள் பலவற்றின் அடியிலிருந்து பின்னர் தளிர்கள் எழுந்தன. எனினும் தளிர் முதுமரமாகப் பல தசாப்தங்கள் செல்லும். அதுவரை வாணிபக் காற்று வழக்கம்போல் வீசும். முகிலும் வழக்கம்போல் வரும். மொட்டையான சரிவில் அதனைத் தடுத்து நிறுத்த இலையிராது. முகில் தன்பாட்டிற் கடந்து போய்விடும். கீழே குடத்துடன் காத்து நிற்பவருக்கு அதனாற் பயன் என்ன? மலையுச்சியில் நிற்கும் மரம் பள்ளத்தாக்கில் வாழ்பவரின் கிணறு என்பதை மலைநாடுடைய எவரும் மறத்தலாகாது.